தீவனக் குடோனில் நான்கு கூகைக் குஞ்சுகள்

1

இந்த நாட்டில் வந்து இறங்கிய நாளை என் கணவர் வருடம் தவறாமல் கேக் வாங்கிக் கொண்டாடுவார். பங்குனி பிறக்கும் சமயத்தில் அந்த நாள் வரும். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் கொண்டாடும்படி ஒன்றும் இருக்காது. நெதர்லாந்தின் வடக்கு மூலையில் இருக்கிறோம். மழையும் காற்றும் சேர்ந்து போகிறவர் வருகிறவர் குடையையெல்லாம் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கும். அவர் கேக்கை வெட்டுவார். மகள் யாழினி மேலே இருக்கும் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். நான் என் பங்குக்கு, போன பங்குனியிலிருந்து இந்தப் பங்குனி வரை பார்த்த பறவைகளில் மனதுக்குப் பிடித்தவற்றை உட்கார்ந்து எழுதுவேன்.

நாமக்கல் பக்கத்தில் பிறந்தவள் பறவை பார்க்கிறேன் என்று சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். "எங்க ஊட்லயே ஆயிரக்கணக்குல நிக்குது, வந்து பாருக்கா, டிக்கெட்டு கூட வேண்டாம்" என்பான் என் தம்பி தங்கவேல். ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறான்.

எனக்கு இந்தப் பழக்கம் இங்கே வந்துதான் ஒட்டிக்கொண்டது. முதல் இரண்டு வருடம் பேச ஆளில்லை, பேச மொழியும் இல்லை. வாய்க்கால் ஓரம் போய் நின்றால் நாரையும் நிற்கும். அது என்னிடம் வினைச்சொல்லைச் சரியாகச் சொல் என்று கேட்டதில்லை. அப்படியே பழகிவிட்டது.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வலசை வரும் பறவைகளைப் பற்றி எழுதினால் உடனே "உங்களைப் போலவே" என்று எழுதி அனுப்புகிறவர்கள் உண்டு. வேண்டாம். அவை சிறகடித்து வருகின்றன. நான் இரண்டு விமானம் மாறி, கால் வீங்கி, பெட்டியில் சாக்லேட் உருக வந்து சேருகிறேன்.

2

முதலில் இங்கே பார்த்தது. போன சித்திரையில் எங்கள் கூரையில் சில ஓடுகள் விரிசல் விட்டு மாடியில் ஒழுக ஆரம்பித்தது. கூரைக்காரர் ஏணி போட்டு ஏறினார். ஏறிய வேகத்தில் இறங்கினார். ஓட்டுக்கு அடியில் சிட்டுக்குருவி கூடு கட்டியிருக்கிறது, குஞ்சு பறக்கும்வரை கைவைக்கக் கூடாது, அதுதான் சட்டம் என்றார்.

நகராட்சிக்குத் தொலைபேசினேன். இந்த ஊர் மொழியில் அவசரத்தில் எனக்கு இன்னும் வார்த்தை மாறும். குருவிகள் தங்கியிருக்கின்றன என்று சொல்வதாக நினைத்து, வாடகைக்கு இருக்கின்றன என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் இருந்த பெண் கொஞ்சமும் சிரிக்காமல், "அப்படியானால் உங்கள் முகவரியில் அவற்றைப் பதிவு செய்துவிட்டீர்களா?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் என்னோடு விளையாடிய முதல் ஆள் அவள்தான். ஆனால் விளையாட்டு முடிந்ததும் பதில் அதேதான்: காத்திருங்கள். பிறகு போட்ட நான்கு விண்ணப்பங்களுக்கும் அதே பதில்.

காத்திருந்தோம். என் கணவர் ஆத்தூர்க்காரர். கோபம் வந்தால் மனிதர்களிடம் காட்ட மாட்டார், கையில் இருக்கும் வாளியிடம் பேசுவார். ஆனி மாதம் ஒரு நாள் விரிசல் வழியாக மூன்று மஞ்சள் வாய்கள் எட்டிப் பார்த்தன. கீழே வாளியில் சொட்டுச் சத்தம், மேலே குஞ்சுகளின் சத்தம். நன்றாகத்தான் இருந்தது. ஊரில் தீவனம் தின்ன வரும் சிட்டுக்குருவியைத் தகரம் தட்டி விரட்டுவார்கள். இங்கே அதற்காக நாங்கள் வாளி மாற்றிக்கொண்டிருந்தோம். இவர்கள் கொஞ்சம் கூடுதலாகத்தான் போகிறார்கள் என்று அப்போது நினைத்தேன். ஊருக்குப் போய் வந்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

3

சேர்த்து வைத்திருந்த விடுப்பையெல்லாம் மொத்தமாக எடுத்துக்கொண்டு கார்த்திகையில் ஊருக்குப் போனேன். யாழினிக்குப் பதினாறு வயது. வரமாட்டேன் என்றாள். பள்ளி, தேர்வு, தோழியின் பிறந்தநாள் என்று பல காரணம் சொல்லிவிட்டு, கடைசியில் அவளுடைய மொழியில் உண்மையைச் சொன்னாள்: "அங்கே நீ பறவையைப் பார்ப்பாய். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்." அவள் சொன்னதில் தப்பு இல்லை. அதனால்தான் வலித்தது.

விமான நிலையத்தில் என் தொலைநோக்கியின் முக்காலியைப் பார்த்துவிட்டு ஓர் அதிகாரி, இது எதற்கு என்றார். பறவை பார்க்க என்றேன். "எந்தப் பறவை?" என்றார். எது வந்தாலும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்ல வேலைம்மா" என்று அனுப்பிவிட்டார்.

ஊரில் முதல் நாளே அதிர்ஷ்டம். பக்கத்து வெள்ளாமைக் காட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஒன்று வடநாட்டு வேலை முடிந்து வந்து நின்றது. சர்வீஸுக்காக அதன் கோபுரத்தை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். உச்சியில் ஒரு பனங்காடை. தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, சட்டென்று இறங்கி வெட்டுக்கிளியைப் பிடித்துக்கொண்டு மேலேறியபோது இறக்கையில் அத்தனை நீலமும் திறந்துகொண்டது. நான் பைனாகுலரை எடுக்கவில்லை. வண்டிக்கு அடியிலிருந்து மெக்கானிக் வெளியே வந்தார்.

"ஏனுங்க, மேல என்னங்க அப்பிடிப் பாக்கறீங்க? ஆயில் ஒழுகுதுங்களா?"

"இல்லீங்க, பனங்காடை உக்காந்திருக்குது."

"அப்பாடா" என்று மறுபடி அடியில் போய்விட்டார்.

இன்னொரு நாள் காலையில் என் தம்பி மனைவி பூங்கொடி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். எங்கள் பக்கம் கணவனுடைய அக்காவை நங்கையா என்பார்கள். "நங்கையா, இங்க வந்து பாருங்க. யாரோ சாயம் போட்ட கோழிக்குஞ்ச நம்மூட்டு வாழைக்கடியில உட்டுட்டுப் போயிருக்கறாங்க."

ஓடினேன். சந்தையில் கலர் சாயம் போட்டுக் குஞ்சு விற்பார்களே, அதைத்தான் அவள் நினைத்திருக்கிறாள். வாழைச் சருகைப் புரட்டிக்கொண்டு நின்றது ஒரு ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, நீலத் தோள், வாலுக்கடியில் குங்குமச் சிவப்பு. இமயமலை அடிவாரத்திலிருந்து வந்த களைப்பில், எங்களைச் சட்டை செய்யாமல் புழு தின்றது. "இது கடவுள் போட்ட சாயம் பூங்கொடி" என்றேன். "அப்பன்னா வெளுக்காதுங்க" என்று சொல்லிவிட்டுத் துணியை அலசப் போனாள்.

4

பண்ணை வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. லாரி டயரானாலும் மனிதக் காலானாலும் அதில் நனைந்துதான் உள்ளே போக வேண்டும். நெதர்லாந்துச் சேற்றைப் பார்த்த என் பூட்ஸைத் தங்கவேல் ஒரு குச்சியால் தூக்கிக்கொண்டு போய் வேலிக்கு வெளியே வைத்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்லிப்போடறேன். ஏரிக்குப் போற நாள்ல பண்ணைக்குள்ள கால் வெக்காத. ஏரி வாத்துகிட்ட என்ன சீக்கு இருக்குதுன்னு அதுக்கே தெரியாது. அது பாட்டுக்குத் தும்மிட்டுப் பறந்துரும், நான் நடுத்தெருவுல நிப்பேன்."

அவனைக் குறை சொல்ல முடியாது. காட்டுப் பறவையிலிருந்து ஒரு காய்ச்சல் உள்ளே புகுந்தால் அத்தனை கோழியும் போய்விடும். ஆகவே நான் வெண்ணந்தூர்ப் பக்கம் ஏரி ஏரியாகத் திரிந்தேன்; பண்ணைப் பக்கம் போகவில்லை. சிறகி, ஊசிவால் வாத்து, நத்தைகுத்தி நாரை என்று நல்ல வேட்டை.

இப்படி ஒரு வாரம் போயிருக்கும். தீவனக் குடோனில் ஆட்கள் மூட்டை எடுக்க மாட்டேன் என்று நிற்கிறார்கள் என்று பூங்கொடி வந்து சொன்னாள். மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் அடுக்கியிருக்கும் குடோன் அது. மேலே பரணில் பாம்பு சீறுகிறதாம், அதுவும் ஒன்று இல்லையாம். எனக்கு அந்தச் சீறலைப் பற்றி வேறு ஒரு சந்தேகம் இருந்தது. அன்று ஏரிக்குப் போகவில்லை. ஆனாலும் தங்கவேல் என்னைக் குளிக்க வைத்து, பூங்கொடியின் புடவையைக் கட்ட வைத்து, காலை நனைத்துத்தான் உள்ளே விட்டான்.

ஏணியில் ஏறினேன். பரணில் பழைய முட்டை அட்டைகளை மலையாகப் போட்டு வைத்திருந்தார்கள். அந்த அட்டைகளின் நடுவே நான்கு கூகைக் குஞ்சுகள். பெரியதற்குப் பாதியாக அறுத்த ஆப்பிள் போன்ற முகம் வந்துவிட்டது. சின்னது கிழிந்த தலையணை மாதிரி இருந்தது. நான்கும் என்னைப் பார்த்து ஒரே சுருதியில் சீறின. சுற்றிலும் எலி எலும்பும் மயிரும் உருண்டை உருண்டையாகக் கிடந்தன. நாமக்கல் கூகை முட்டை அட்டையில் முட்டை வைக்காமல் வேறு எங்கே வைக்கும்? எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இவ்வளவு பக்கத்தில் நான் கூகைக் குஞ்சைப் பார்த்ததே இல்லை.

எனக்குப் பின்னால் ஏறிய தங்கவேல் பார்த்தான். "என்ன கருமம்க்கா இது?" என்றான்.

5

அவனுடைய பிரச்சினை இதுதான். வெளிநாட்டுக்கு முட்டை அனுப்ப அனுமதி கேட்டு விண்ணப்பித்திருந்தான். அதற்காக இரண்டு வருடமாகப் பண்ணையைச் செப்பனிட்டிருந்தான். பொங்கல் கழிந்து ஒரு அதிகாரி பார்வையிட வருவார். அவர் வரும்போது காட்டுப் பறவை நுழையும்படி ஒரு சந்து கூட இருக்கக் கூடாது. எல்லாத் திறப்புக்கும் வலை அடித்திருக்க வேண்டும். குடோனின் மேல் ஜன்னலும் சேர்த்தி. அந்த ஜன்னல்தான் கூகைகள் வந்துபோகும் வழி.

"நாளைக்கே அடைச்சுரலாம்" என்றான்.

"அடைச்சா நாலும் செத்துரும் தங்கவேலு."

"சாகறதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நானா கூப்புட்டேன்? சரி, எத்தன வாரத்துல பறக்கும்?"

"மூத்தது பொங்கல் ஒட்டி. கடைசி அதுக்கும் பின்னால. ஒண்ணு ஒண்ணா நாள் தள்ளித்தான் பொரியும், அதான் சின்னதும் பெருசுமா இருக்குது."

அவனுக்கு இதுதான் தாங்கவில்லை. "ஒரே பேட்ச்ல வயசு வேற வேறயா? எவன் இப்பிடிக் குஞ்சு எறக்குனான்? இத எப்பிடி வளத்தறது?" என்று உண்மையாகவே கோபப்பட்டான்.

குஞ்சுகளை இடம் மாற்றலாமா என்று கேட்க வனத்துறை அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். "ஆந்தைங்களா? கடிக்குதுங்களா?" என்றார்கள். இல்லை என்றேன். "அப்ப உட்டுருங்க, அதுவே போயிரும்" என்றார்கள். யோசித்துப் பார்த்தால் நெதர்லாந்தில் நான்கு விண்ணப்பம் போட்டுக் கிடைத்த அதே அறிவுரை. இங்கே ஒரு நிமிடத்தில் கிடைத்தது.

கோட்டான் வீட்டுக்கு ஆகாது என்று பூங்கொடி சொல்வாள் என்று பயந்திருந்தேன். அவள் தீவனக் கணக்குப் பார்க்கிறவள். "ஆகுதோ ஆகலையோ, எலி மூட்டையக் கடிக்கறது நின்னு போச்சுங்க. போன வருசம் எலி மருந்து வெச்சு நம்ம நாயத்தான் பறிகுடுத்தோம்" என்றாள். அதோடு தங்கவேல் கொஞ்சம் இறங்கினான். பொங்கலுக்கு அப்புறம் வலைக்காரர் வருவார், அதற்குள் காலி செய்யச் சொல் என்றான். எனக்கும் ஒரு நிபந்தனை: குடோனுக்குள் வந்து பார்க்க வேண்டுமென்றால் இனி ஏரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

வலசைக் காலத்தின் உச்சத்தில் ஒரு பறவைப் பைத்தியத்துக்கு வைக்கும் நிபந்தனையா இது? இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, கூகைதான் என்று முடிவு செய்தேன். அந்த வாரமே வெண்ணந்தூர்ப் பக்கத்து ஏரியில் வரித்தலை வாத்துகள் இறங்கியிருப்பதாகச் செய்தி வந்தது. இமயமலையைத் தாண்டி வருகிறவை. பார்த்தே தீர வேண்டும் என்று நான் வருடக்கணக்காக ஏங்கியவை. அந்த வழியாக வந்த பால்காரர் தன் கைபேசியில் படம் காட்டினார். வாத்து கடுகளவு இருந்தது, பால்காரர் முகம் படம் முழுக்க இருந்தது.

தினமும் அந்தி சாயும்போது குடோனுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருவேன். இருட்டு கட்டும் நேரத்தில் தாயும் தகப்பனும் சத்தமே இல்லாமல் ஜன்னலுக்குள் போகும். நெதர்லாந்தில் அது மத்தியானம், யாழினிக்குப் பள்ளி இடைவேளை. ஒரு நாள் குஞ்சுகளின் காணொளியை அனுப்பினேன். மறுநாள் அவளே கூப்பிட்டாள். என்னிடம் பேச அல்ல, மாமாவிடம். வார இறுதித் தமிழ் வகுப்பில் படித்த தமிழில் கேட்டாள்: "மாமா, இளைய குஞ்சு உணவு உண்டதா?"

தங்கவேல் ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்தான். "உண்டுச்சு சாமி. ரெண்டு எலி உண்டுச்சு" என்றான். அதற்குப் பிறகு அவள் தினமும் கூப்பிட்டாள். நான் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆளாகிவிட்டேன். அதைப் போல எனக்குப் பிடித்த வேலை வேறு இருந்ததில்லை.

6

மார்கழியில் குளிர் கூடியது. ஒரு நாள் திருச்செங்கோட்டில் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய் இரண்டு இரவு தங்க வேண்டியதாயிற்று. திரும்பி வந்த அன்று அந்தியில் நாற்காலியில் உட்கார்ந்தால், ஏதோ சரியில்லை. தாய்க் கூகை தென்னை மரத்தில் உட்கார்ந்திருந்தது. பறந்து வந்தது, ஜன்னலருகே போய்த் திரும்பியது, மறுபடி மரத்துக்குப் போனது. வாயில் எலி தொங்கியது. உள்ளே குஞ்சுகள் தொண்டை கிழியச் சீறின. அப்போதுதான் கவனித்தேன், குடோன் ஜன்னல் மஞ்சளாக இருந்தது.

"தங்கவேலு! உள்ள யாரு லைட்டுப் போட்டது?"

"நாந்தான்" என்றான் பெருமையாக. "நீ போன அன்னிக்கே போட்டுட்டேன். புரூடர் பல்பு. மார்கழிக் குளுருல தாய்க்காரி பாட்டுக்கு ஊர் சுத்தப் போயிர்றா. ஒடம்புல ஒழுங்கா றெக்கை கூட இல்ல. குஞ்சுன்னா மொதல்ல சூடு குடுக்கோணும். அது கூடத் தெரியாதா எனக்கு?"

கோழிக்குஞ்சு வந்து இறங்கியதும் செட்டில் பல்பு போட்டுச் சூடு கொடுத்து, ராப்பகலாக வெளிச்சத்தில் வைத்து வளர்த்த கை அது. கூகையையும் விட்டுவைக்கவில்லை. திட்டத்தான் வாயெடுத்தேன், அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். அடைத்துவிடலாம் என்று சொன்னவன், யாருக்கும் சொல்லாமல் ஏணி போட்டு ஏறி, வயர் இழுத்து, உயரம் பார்த்துக் கட்டியிருக்கிறான்.

"தங்கவேலு, அதுகளுக்கு இருட்டு வேணும்டா. வெளிச்சத்துல தாய் உள்ள வராது. ரெண்டு நாளா அதுக பட்டினி."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. ஓடிப் போய் சுவிட்சை அணைத்தான். வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் வெறும் தரையிலேயே உட்கார்ந்தான். பூங்கொடியும் வந்து நின்றாள். மூன்று பேரும் தென்னை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். சின்னக் குஞ்சின் சத்தம் மட்டும் கேட்கவில்லை. "சின்னது போயிருச்சாக்கா?" என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். எனக்கும் அதே பயம்தான்.

நன்றாக இருட்டிய பிறகு வெள்ளையாக ஒன்று எங்கள் தலைக்கு மேலே போனது. ஜன்னலில் ஒரு கணம் நின்றது. உள்ளே போனது. நான்கு தொண்டைகளும் ஒரே நேரத்தில் கிளம்பின.

"ஃபீடு வந்துருச்சு" என்றான் தங்கவேல். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாளிலிருந்து அவை அவனுடைய பேட்ச் ஆகிவிட்டன. காலையில் கோழிச் செட்டைச் சுற்றி வந்ததும் குடோனுக்குப் போவான். சின்னது இளைத்திருக்கிறது, பெரியது அதன் பங்கையும் பிடுங்குகிறது, தனிக் கூண்டில் போட்டால் என்ன என்பான். வைட்டமின் டானிக் கொடுக்கலாமா என்று ஒரு நாள் கேட்டான். எலிக்குக் கொடுத்தால்தான் உண்டு என்றேன். அதையும் கொஞ்ச நேரம் யோசித்தான்.

7

பொங்கலன்று மூத்தது பறந்தது. அடுத்தடுத்து இரண்டு பறந்தன. பகலில் தோப்பில் தூங்கின, அந்தியில் கூரைமேல் உட்கார்ந்து தாயிடம் கெஞ்சின. சின்னது மட்டும் பரணைவிட்டு வரவில்லை. அதற்கு இறக்கை முளைத்துவிட்டது, துணிச்சல் முளைக்கவில்லை. இரண்டு நாள் பட்டினியில் அதுதான் அதிகம் பின்தங்கிப் போயிருந்தது.

சொன்னபடி வலைக்காரர் வந்தார். செட்டு முழுக்க அடித்துவிட்டு, ஏணியோடு குடோன் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். அதிகாரி மறுநாள் காலையில் வருவதாக இருந்தது. தங்கவேல் ஜன்னலைப் பார்த்தான், ஏணியைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. இரண்டு வருட உழைப்பு அவனுடையது. நான் விடுப்பு முடிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவள். எந்த முகத்தோடு கேட்பது?

கைபேசியை எடுத்தான். "சார் வணக்கமுங்க. நாளைக்கு நீங்க வரோணும்னு இருந்ததுங்க. ஊட்ல... ஊட்ல கொழந்த பொறந்திருக்குதுங்க. ஆமாங்க. தீட்டுங்க, யாரும் வரக் கூடாதுங்க. இல்லீங்க, பரவால்லீங்க, அடுத்த வரிசையில போட்டுருங்க. எப்ப வந்தாலும் சரிங்க."

வைத்துவிட்டு வலைக்காரரிடம், "அந்த ஒரு ஜன்னல உட்டுருங்க. நானே அடிச்சுக்கறேன்" என்றான்.

பூங்கொடி இடுப்பில் கைவைத்து நின்றாள். அவர்களுக்கு ஒரே பையன். சென்னையில் வேலை பார்க்கிறான். இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

"ஏனுங்க, கல்யாணமே ஆகாத பையன் இருக்கற ஊட்ல யாருக்குங்க கொழந்த பொறந்துது?"

"அவசரத்துக்கு வேற ஒண்ணும் வாயில வல்லீடி" என்றான்.

வலைக்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் ஏணியை மடக்கினார். அன்று மாலைக்குள் பூங்கொடிக்கு ராசிபுரத்திலிருந்தும் ஓமலூரிலிருந்தும் உறவுக்காரர்கள் கூப்பிட்டுவிட்டார்கள். பையனே சென்னையிலிருந்து கூப்பிட்டு, தனக்கு என்ன குழந்தை என்று கேட்டான்.

என் பயணத் தேதியை மாற்ற முடியவில்லை. விடுப்பு முடிந்திருந்தது. கிளம்பும் அன்று விடியலில் குடோனுக்குப் போனேன். சின்னது பரண் விளிம்பில் நின்று, தலையை வட்டமாக ஆட்டி என்னை அளந்தது. வாரேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கோயம்புத்தூர் போகும்வரை காரில் நான் அழுதது கூகைக்காக மட்டும் இல்லை.

8

நான் இங்கே நகர நூலகத்தில் வேலை பார்க்கிறேன். வந்து சேர்ந்த சில நாட்களில், மத்தியானம், கைபேசி அடித்தது. எடுத்ததும் தம்பியின் கூச்சல். "அக்கா! போயிருச்சு! பறந்து போயிருச்சு!"

நூலகம் என்பதை மறந்து நானும் கூவிவிட்டேன். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். என் தம்பி வீட்டில் பிள்ளை பறந்துவிட்டது என்று அவரிடம் விளக்கினேன். அவர் மரியாதையாகக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

தாய் அன்றைக்கு எலியை உள்ளே கொண்டுவரவில்லையாம். தென்னை மரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டதாம். சின்னது ஜன்னலில் நின்று கத்திக் கத்திப் பார்த்துவிட்டுக் குதித்திருக்கிறது. மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் மோதி, தொட்டி மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்து, மறுபடி எழும்பி மரத்துக்குப் போயிருக்கிறது. "தாய்க்காரி கெட்டிக்காரிக்கா. ஃபீட வெளிய வெச்சுட்டா" என்றான். யாழினிக்குத்தான் முதலில் சொன்னானாம். எனக்கு இரண்டாவது.

நான்கும் தோப்பிலேயே தங்கிவிட்டன என்று நன்றாகத் தெரிந்த பிறகுதான் ஜன்னலுக்கு அவன் கையாலேயே வலை அடித்தான். மாசிக் கடைசியில் அதிகாரி வந்தார். அன்று சாயங்காலம் தங்கவேல் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னான். காலையில்தான் முட்டை ஓய்ந்த பழைய கோழிகளை லாரியில் ஏற்றிக் கறிக்கு அனுப்பியிருந்தான். அந்த நாட்களில் அவன் யாரிடமும் சரியாகப் பேச மாட்டான், சோறும் இறங்காது. அந்த நேரத்தில் அதிகாரி கையில் ஒரு பையோடு வந்து இறங்கியிருக்கிறார். உள்ளே ஒரு சின்னச் சொக்காயும் கிலுகிலுப்பையும்.

"கொழந்த எங்கீங்க?" என்று கேட்டாராம்.

இன்னொரு பொய்க்குத் தெம்பு இல்லை என் தம்பிக்கு. குடோனுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஏணி ஏற்றி, பரணையும் முட்டை அட்டைகளையும் எலும்பு உருண்டைகளையும் காட்டி, எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். பல்பையும் மறைக்கவில்லை. அனுமதி போயிற்று என்று நினைத்துக்கொண்டு கீழே நின்றானாம். அதிகாரி ஜன்னல் வலையை இழுத்துப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டார். பண்ணைக்காரரிடம் எந்த பேட்ச்சுக்கும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"எத்தன குஞ்சு?"

"நாலுங்க."

"மார்ட்டாலிட்டி?"

"இல்லீங்க சார். நாலும் தேறிருச்சுங்க."

அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். சொக்காயைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. பையன் கல்யாணத்துக்கு ஆகும் என்று பூங்கொடி பெட்டியில் எடுத்து வைத்துவிட்டாள். இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தவனின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. அனுமதி கிடைத்துவிட்டதே, இன்னும் ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லக்கா. இத்தன வருசத்துல லாரியில ஏத்தாம போன மொத பேட்ச்சு இதுதான்" என்றான்.